சம்மாந்துறைப் பொடியன் 'பிக் ஹவுஸ்' என்று வாசித்தான், வகுப்பே சிரித்தது: இனி என்ன செய்யலாம்?

கல்லடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்பு, கல்லடி. ஆங்கில ஆசிரியையாகப் பயிற்சி முடித்து இரண்டு வருசம். கிழமை நாட்களில் பள்ளிக்கூடம். சனிக்கிழமையில் மட்டும் அம்பாறை நகரில் ஒரு மண்டபத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். விடியவே பஸ் பிடித்து, கல்முனை, காரைதீவுச் சந்தி, சம்மாந்துறை என்று வயலுக்கு நடுவே போய்ச் சேர்வதற்குள் பாதிச் சக்தி போய்விடும், அது வேறு கதை.

பிள்ளைகள் 26 பேர். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அம்பாறை ரவுனைச் சேர்ந்த சிங்களப் பிள்ளைகள் 11, சம்மாந்துறையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் 9, வீரமுனை, மல்வத்தைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் 6. என் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுச் சமாளித்துவிடுவேன். இங்கே அது நடக்காது. எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறக்கம் சொல்வதற்கும் கடையில் விலை கேட்பதற்கும் மட்டும் போதும். தமிழில் விளக்கினால் 11 பேர் மேலே சுற்றுகிற பேனைப் பார்ப்பார்கள். ஆங்கிலத்திலேயே விளக்கினால் 26 பேரும் பேனைப் பார்ப்பார்கள். யாரும் சொல்லாமலே மூன்று கூட்டமாக வாங்குகளில் பிரிந்து இருக்கிறார்கள், நடுவில் ஒரு வாங்கு எப்போதும் வெறுமை.

இப்போது நடந்த விசயம். வீட்டைப் பற்றி ஐந்து வசனம் எழுதி வாசிக்கச் சொன்னேன். சம்மாந்துறைப் பொடியன் ஒருவன், மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளை, மிகவும் அமைதியானவன், எழுந்து 'ஐ ஹாவ் அ பிக் ஹவுஸ்' என்று வாசித்தான். பெரிய வீடு என்றுதான் எழுதியிருந்தான். ஆனால் வாயில் வந்தது பன்றி வீடு. முன் வாங்கில் இருந்த சிங்களப் பிள்ளை ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, பக்கத்தில் இருந்தவளுக்குக் குசுகுசுத்தது, அப்படியே பின்னால் வரை போய்விட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கடைசியில் அவனுடைய வாங்கில் இருந்தவர்களே சிரித்துவிட்டு, பிறகு அவன் காதில் விசயத்தைச் சொன்னார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை மூடி பேக்குக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடிவிட்டு இருந்தான். இடைவேளையில் பணிஸ் கொடுத்தோம், தொடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை.

இதில் பெரிய பிழை என்னுடையதுதான். உச்சரிப்பு மறந்துபோகாமல் இருக்க ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னது நானேதான். அவன் அப்படி எழுதி, அதைப் பார்த்துத்தான் வாசித்தான். இங்கே தட்டும்போதே பாருங்கள், பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்'. நானே எழுதினாலும் ஒன்றாகத்தான் விழுகிறது.

இந்தக் கலவை வகுப்பில் எந்த மொழியில் விளக்குவது? இவர்களை எப்படிக் கலந்து இருக்க வைப்பது? எல்லாவற்றுக்கும் முதலில், அந்தப் பொடியனை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?


சம்மாந்துறை ராத்தா எழுதியது:

தங்கச்சி, வ அலைக்கும் ஸலாம். வாசித்து முடித்ததும் மனது கேட்கவில்லை, அடுப்பில் ஆணத்தை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நானும் பதினாறு வருசமாக இங்கே ஆங்கிலம் படிப்பிக்கிறேன். முதலில் பிள்ளையின் விசயம். பிழையாக வாசித்தோம் என்று அவன் வெட்கப்படவில்லை. எங்கள் வீடுகளில் வாயிலேயே எடுக்காத ஒரு சொல்லை, அதுவும் உம்மா வாப்பா இருக்கிற வீட்டுக்கு முன்னால் ஒட்டி, இருபத்தாறு பேருக்கு நடுவில் சொல்லிவிட்டோம் என்பதுதான் அவனுக்கு. இதைப் 'பரவாயில்லை மகன், எல்லோருக்கும் பிழை வரும்' என்று சொல்லித் துடைக்க முடியாது. உம்மாவுக்குக் கோல் எடுத்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள், தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்து. அந்தக் கடைசி வசனம்தான் முக்கியம்.

அப்புறம் அந்தத் தமிழ் எழுத்துப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். தமிழில் ப ஒரே எழுத்து. 'பல்' என்னும்போது ஒரு ஓசை, 'கம்பு' என்னும்போது வேறு ஓசை. இடத்தைப் பார்த்துத் தானாக மாறிக்கொள்ளும், அதனால் இரண்டும் வேறு என்று நம் காதுக்குப் படுவதே இல்லை. ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம்தான் பன்றியையும் பெரியதையும் பிரிக்கிறது. சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து, அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு உடனே பிடிபட்டது. அவள் கெட்ட பிள்ளை என்று நான் நினைக்கவில்லை, காது அப்படி.

நான் செய்கிற ஒரு வேலை: கொப்பி ஒற்றையில் சின்னத் துண்டு கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்க விடச் சொல்வேன். பன்றியைச் சொன்னால் துண்டு துடிக்க வேண்டும், காற்று வெடித்து வரும். பெரியதைச் சொன்னால் துடிக்காது. பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும், யாரும் யாருடைய வாயையும் பார்க்கமாட்டார்கள், துண்டைத்தான் பார்ப்பார்கள். அதை நடத்த வேறு யாரையும் கூப்பிட வேண்டாம், சிரித்த பிள்ளையையே கூப்பிடுங்கள்.

ஆனால் நான் எழுத வந்த விசயம் இது. அந்தப் பொடியன் ஓதுகிற பிள்ளை என்றீர்களே. அவனிடம் நீங்கள் இன்னும் கேட்காத ஒன்று இருக்கிறது. 'திங்க்', 'த்ரீ', 'திஸ்', 'மதர்' இதெல்லாம் நம் எல்லோருக்கும் சிக்கல், எனக்குக்கூட பயிற்சிக் கல்லூரியில் நாக்கு வரவில்லை. நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில் கொண்டுவர வேண்டும், நாமோ நம் 'த' வைப் போட்டுவிடுவோம். மத்ரஸாவில் தஜ்வீதோடு, அதாவது குர்ஆனை உச்சரிக்கிற விதிகளோடு, ஓதுகிற பிள்ளைக்கு அந்த இடம் ஆறு வயதிலேயே பழக்கம். அலிஃப், பா, தா-வுக்கு அடுத்து வரும் நான்காவது எழுத்து இருக்கிறதே, அதுதான் 'த்ரீ' யின் முதல் ஓசை. தாலுக்கு அடுத்து வரும் ஒன்பதாவது எழுத்துத்தான் 'திஸ்', 'மதர்' இரண்டிலும் வருவது. மௌலவி மஹ்ரஜ், எழுத்து வாயில் பிறக்கிற இடம், சரியில்லை என்று எத்தனை தரம் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்திருப்பார். ஃபாவும் அப்படி, வண்டு மாதிரி இரைகிற ஸாயும் அப்படி. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் மின்விசிறியைப் 'பேன்' ஆக்கிவிடும்போது இவனுக்கு உதடும் பல்லும் சரியாக உட்காரும்.

அவனுக்கே அது தெரியாது. ஓதல் வேறு, இங்கிலீசு வேறு என்று மனதில் சுவர் கட்டி வைத்திருக்கிறான். நான் ஒருதரம் ஒரு பிள்ளையிடம் 'நீ ஓதும்போது போடுகிற அந்த எழுத்தை இங்கே போடு' என்றேன். முதலில் பயந்தான், ஓதுகிறதை வகுப்பில் விளையாட்டாக்கலாமா என்று. ஆயத்தைச் சொல்ல வேண்டாம், எழுத்தின் ஓசை மட்டும் போதும் என்றேன். அதைக் கவனமாகச் செய்யுங்கள், ஓதலைக் காட்சிப்பொருளாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. அரபியில் அந்த வெடிக்கிற ப கிடையாது. கட்டாரில் வேலை செய்த என் காக்கா சொல்வார், அங்குள்ளவர்கள் கார் நிறுத்துகிற இடத்தை நாய் குரைக்கிற சொல்லால்தான் கேட்பார்களாம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ப விசயத்தில் தடுக்குவது நம் ஆட்கள் மட்டும் இல்லை என்று தெரியட்டும்.

ஆணம் தீய்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

மகள், கோபிக்க வேண்டாம். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் பேசுங்கள், பிரச்சினை முடிந்தது. 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடக்கினார், அடுத்த வருசமே மனிசன் காலமாகிவிட்டார், ஆனால் அன்றிலிருந்து இந்த ஊர் ஆங்கிலம் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் தமிழ் வாயில் வந்தால் ஐந்து சதம் தண்டம். படித்தோம்தானே?

இன்று மூன்றாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை ஒன்பது வருசம் பாடம் இருக்கிறது, அரசாங்கம் புத்தகமும் சும்மா கொடுக்கிறது. ஒரு வசனம் முழுசாகப் பேசத் தெரியாமல் வெளியே வருகிறார்கள். எல்லாவற்றையும் தமிழில் விளக்கி விளக்கி அவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படாமல் பண்ணிவிட்டோம். இப்போது அரபி எழுத்தும் சிங்கள எழுத்தும் காகிதத் துண்டும். உச்சரிப்பைத் திருத்த வேண்டும் என்றால் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைக்கலாமே.


மல்வத்தைப் பொடியன் எழுதியது:

சேர், மரியாதையோடுதான் மறுக்கிறேன். தண்டம் கட்டிப் படித்தவர்களில் நீங்கள் தேறினீர்கள். ஐந்து சதம் இல்லாதவன் வாயே திறக்காமல் வகுப்பை முடித்திருப்பான், அவன் இங்கே வந்து எழுதப்போவதில்லை. ஒலிப்பதிவைப் பற்றி: 2009 ஐ ஆங்கிலம், தகவல் தொழில்நுட்ப ஆண்டு என்று அறிவித்தபோது அரசாங்கமே நம்ம விதத்தில் ஆங்கிலம் பேசலாம் என்றுதானே சொன்னது. லண்டன்காரன் குரல் எதற்கு.

மிஸ், நான் மல்வத்தை. சிங்களம் படித்ததில்லை, ஆனால் அயலில் கேட்டுக் கேட்டுப் பேச வந்துவிட்டது, இப்போது மொழிபெயர்ப்புத்தான் தொழில். அதனால் எந்த மொழியில் விளக்குவது என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்: விளக்கத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். வேல்ஸில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994 இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார், இப்போது உலகம் முழுக்க டிரான்ஸ்லாங்குவேஜிங் என்கிறார்கள். விசயம் சின்னது: ஒரு மொழியில் வாசி, இன்னொரு மொழியில் எழுது அல்லது பேசு, இரண்டையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பாவி. உங்கள் வகுப்பில் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், ஐந்து நிமிசம் தங்கள் தங்கள் மொழியில் கதைக்கட்டும், திரும்ப ஆங்கிலத்தில் எழுதட்டும். உங்களுக்குச் சிங்களம் தெரிய வேண்டியதில்லை. எழுதி வருவதைப் பார்த்தால் விளங்கிக்கொண்டார்களா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அதைவிடச் சுவாரசியம் இது. எந்தப் பிள்ளை எங்கே பிழை விடும் என்று அந்தப் பிள்ளையின் மொழியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. 'மம யனவா', நான் போகிறேன். 'எயா யனவா', அவன் போகிறான், அவள் போகிறாள், எல்லாம் அதேதான். அதனால் சிங்களப் பிள்ளை 'ஹீ கோ' என்று எழுதும், 'எயா' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால் தங்கச்சியை 'ஹீ' என்றும் சொல்லும். தமிழ் பேசுகிற பிள்ளையிடம் இதைத் திருத்துவது லேசு. நான் போறேன், அவன் போறான், அவ போறா. வால் மாறுகிறதா இல்லையா? ஆங்கிலத்தில் அந்த வாலில் மிஞ்சியது ஒரு 'ஸ்' மட்டும், அதையும் விட்டுவிடாதே என்று சொன்னால் போதும்.

மறுபக்கம், ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற 'அ' வும் 'த' வும். நம் ஆட்கள் கடைசி வரை தடுமாறுவது இதில்தான். சிங்களத்தில் 'பொத' என்றால் தெரிந்த அந்தப் புத்தகம், 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். வாலில் ஒரு 'அக்' சேர்ந்ததும் பொருள் மாறிவிட்டது. ராத்தா சொன்ன மத்ரஸாப் பிள்ளை அரபி இலக்கணம் தொடங்கியிருந்தால் அவனுக்கும் தெரியும், கிதாபுன் வேறு, அல்கிதாப் வேறு. நமக்கு இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நாம் ஏற்கெனவே கதைத்த அந்தப் புத்தகம். அந்த 'ஐ' செய்கிற வேலையில் பாதிதான் ஆங்கிலத்தின் 'த' செய்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை இரண்டாம் வேற்றுமை என்று பாடமாக்கிவிட்டு, ஆங்கிலப் பாட நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

சொல்லொழுங்கில் இன்னும் வேடிக்கை. 'நான் வீட்டுக்குப் போறேன்', 'மம கெதர யனவா'. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக எழுதிக் கோடு போட்டுப் பாருங்கள், கோடுகள் நேராக விழும். ஆங்கில வசனத்துக்குப் போட்டால் குறுக்கே வெட்டும். வாங்கு வாங்காகப் பிரிந்து இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டைப் போடக் கொடுங்கள், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். 1956 இல் சிங்களம் மட்டும் என்றார்கள், 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தில் தமிழும் ஆட்சி மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று எழுதினார்கள். எழுதியதோடு சரி. நடு வாங்கு வெறுமையாக இருக்கிறது என்றீர்களே.

ஒரு எச்சரிக்கை. சிங்களப் பிள்ளைகளும் ஓரிடத்தில் சறுக்குவார்கள். 'ஹோல்' என்று தமிழில் எழுதினால் அதுவும் ஒன்றாகத்தான் விழும், மண்டபமும் ஓட்டையும். அந்த இரண்டு ஓகாரத்தையும் அவர்கள் மாற்றிப் போடுவார்கள், மண்டபத்தில் கூடினோம் என்பது ஓட்டைக்குள் கூடினோம் என்று வரும். கொழும்பில் இதை வைத்து 'நொட் பொட்' என்று நக்கலடிப்பது பழைய வியாதி. அன்று உங்கள் மற்ற வாங்குகள் பழிவாங்கச் சிரிக்கும். முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.


வாகரை ரீச்சர் எழுதியது:

எல்லோரும் நாக்கையும் உதட்டையும் பற்றியே எழுதுகிறீர்கள். நான் கேள்விகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆங்கில வகுப்பில் நாம் முதலில் கேட்பது என்ன? உன் அப்பா என்ன வேலை, உன் வீடு எப்படி, நேற்று என்ன சாப்பிட்டாய். வேறு நாட்டுப் புத்தகத்தைப் போட்டோப்பிரதி எடுத்து அதே கேள்விகளைக் கேட்கிறோம். எங்கள் கரையில் அந்த மூன்று கேள்வியும் மூன்று கண்ணிவெடி. அப்பா இல்லாத வீடு எத்தனை, அதிலும் எப்படி இல்லாமல் போனார் என்று சொல்ல முடியாத வீடு எத்தனை. சாப்பாட்டுப் பாடத்தில் பன்றியிறைச்சிச் சான்ட்விச் படம் இருக்கும், மாட்டிறைச்சி இருக்கும். ஒரு வாங்குக்கு ஒன்று ஆகாது, அடுத்த வாங்குக்கு மற்றது ஆகாது. படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு ஆளையாள் பார்க்கத் தொடங்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை 'மை மதர் இஸ் இன் த போன்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனையால் 'இன்' ஐ வெட்டி 'ஒன்' என்று போட்டுக் கொடுத்தேன், முன்னிடைச்சொல் கவனம் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். அடுத்த நாள் அவள் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, 'இல்ல ரீச்சர், அம்மா போனுக்குள்ளதான். குவைத்துக்குப் போய் நாலு வருசம்' என்றாள். அவளுடைய 'இன்' சரிதான். அந்த ஒற்றையில் நான் போட்ட சிவப்பை அழிக்க வழியில்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. 'உனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுது' என்பேன். அப்பாவை எழுத விரும்புகிற பிள்ளை அப்பாவை எழுதும், மீன் கொண்டுவருகிற அண்ணரை எழுதுகிற பிள்ளை அவரை எழுதும். ஆங்கிலம் ஒன்றும் குறையாது.

கலந்து இருக்க வைப்பதற்கு: ஒற்றுமை பற்றிப் பேசாதீர்கள், ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுங்கள். நான் ஒரு பஸ் நேர அட்டவணையை இரண்டாகக் கிழித்துப் பாதியை ஒரு பிள்ளைக்கும் மறுபாதியை வேறு வாங்குப் பிள்ளைக்கும் கொடுப்பேன். கல்முனைக்கு எத்தனை மணிக்கு, எங்கே ஏறுவது என்று ஆங்கிலத்தில் கேட்டு முழு அட்டவணையையும் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வகுப்பில் இது இன்னும் நன்றாகப் போகும், ஏனென்றால் ஒருவருக்கொருவர் வேறு மொழி தெரியாது, ஆங்கிலத்தை விட்டால் கதியில்லை. வாத்தியார் ஐயா கேட்டதும் இதுதானே. என் வகுப்பில் எல்லோரும் தமிழ், நான் மறுபக்கம் திரும்பியதும் 'எத்தின மணிக்குடி' என்று கேட்டு முடித்துவிடுவார்கள். அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்த ஆள்.

நாள் வைக்கும்போதும் கவனம். வெள்ளி ஜும்ஆ, கோயில் விரதம். ஞாயிறு காலை சிங்களப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை. சனிக்கிழமைதான் சரி, அதிலும் பௌர்ணமிப் போயா விழுந்தால் வகுப்பை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் 11 பேருக்குத் திரும்பப் படிப்பிக்க வேண்டும்.


கல்லடிக்காரி எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் தவணைப் பரீட்சை.

உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். ராத்தா சொன்னபடி என் பிழையைத்தான் முதலில் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு 'அவன் எங்களுக்கிட்ட வயித்துக்குத்து எண்டுதான் சொன்னான் மிஸ்' என்றா. அடுத்த சனிக்கிழமை வந்தான். கடைசி வாங்கு ஓரம்.

காகிதத் துண்டு பெரிய வெற்றி. சிரித்த பிள்ளையைக் கூப்பிட்டேன், அவளுக்கு வெட்கம் ஒருபக்கம், பெருமை ஒருபக்கம். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று துண்டைப் பார்த்து 'யெஸ்', 'நோ' என்று தீர்ப்பு வழங்கினாள். பொடியனிடம் வந்தபோது எனக்குத்தான் நெஞ்சு அடித்தது. இவன் துண்டை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு, பன்றியைச் சொல்லாமல் 'பேப்பர்' என்று சொன்னான். துண்டு துடித்தது. பிறகு 'புக்' என்றான். அசையவில்லை. அவள் 'யெஸ்' என்றாள், அவ்வளவுதான். கெட்டிக்காரன், அந்தச் சொல்லைத் தொடாமலே பாடத்தை முடித்துவிட்டான்.

'த்ரீ' க்கு அவனை முன்னால் கூப்பிடவில்லை, அவன் இருந்த இடத்திலேயே சொல்லச் சொன்னேன். ராத்தா, நீங்கள் சொன்னது அப்படியே. நாக்கு நுனி பல்லுக்கு நடுவில் சுத்தமாக வந்து நின்றது. 'உங்களுக்கு யார் சொல்லித் தந்தது' என்று சிங்களப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டார்கள், 'ஹூ டீச் யூ' என்று. அவன் 'மௌலவி' என்றான். அவர்களுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை, விளக்கி முடிக்க அவனுக்குப் பத்து நிமிசம் எடுத்தது, முழுக்க உடைந்த ஆங்கிலம், நான் வாயே திறக்கவில்லை. வாத்தியார் சேர், அந்தப் பத்து நிமிசம் ஒரு தமிழ்ச் சொல் இல்லை, தண்டமும் இல்லை.

பஸ் அட்டவணை பாதி சரிவந்தது. சம்மாந்துறைப் பிள்ளைகளுக்கு எல்லா பஸ்ஸும் மனப்பாடம், கேட்காமலே நிரப்பிவிட்டார்கள். அடுத்த முறை இல்லாத ஊருக்குப் பொய் அட்டவணை அடிக்க வேண்டும்.

சரிவராததும் சொல்லவேண்டும். நடு வாங்கு இன்னும் வெறுமைதான், துண்டு வேலை முடிந்ததும் எல்லோரும் பழைய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு, இரண்டாவது கிழமை வீரமுனைப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, 'மிஸ், அவங்களுக்கு ஓதுற எழுத்து இருக்கு, இவங்களுக்கு அவங்கட எழுத்து இருக்கு, எங்களுக்கு என்ன இருக்கு?' என்று கேட்டாள். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. என் சொந்த மொழிப் பிள்ளைகளைத்தான் நான் விட்டுவிட்டேன். மல்வத்தைத் தம்பி எழுதியது நல்லவேளை ஞாபகம் வந்தது. அவளையே வெண்பலகையில் எழுதச் சொன்னேன். 'புத்தகம் தா', அதற்குக் கீழே 'புத்தகத்தைத் தா'. எந்தப் புத்தகம் என்று கேட்டேன். முதலாவதுக்கு 'ஏதாவது' என்றாள், இரண்டாவதுக்கு என் கையில் இருந்ததைக் காட்டி 'அது' என்றாள். ஆங்கிலத்தில் எழுது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே 'அ', கீழே 'த' போட்டாள். உடனே முன் வாங்கிலிருந்து ஒரு பொடியன் 'மிஸ், பொதக், பொத' என்று கத்தினான். அவனுக்கு வெண்பலகையில் இருந்த தமிழ் வாசிக்கவே தெரியாது.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

வாசித்தேன், மகள். நான் சொன்னதில் இன்னும் நிற்கிறேன், ஆனால் ஒரு சின்னக் கேள்வி. அந்தக் காகிதத் துண்டு எவ்வளவு பெரிது? நேற்றுப் பேத்தியை வைத்துச் செய்து பார்த்தேன், இரண்டு சொல்லுக்கும் துடிக்கவில்லை.


கல்லடிக்காரி எழுதியது:

இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம் சேர். கொப்பி மட்டையில் கிழிக்க வேண்டாம், உள் ஒற்றையில் கிழியுங்கள். அப்புறம் மறக்காமல் பேனை நிறுத்திவிடுங்கள்.